சுமதியின் ரிப்போர்ட் யார் கைக்குப் போனது

சானடோரியம் ஸ்டேஷன் படிக்கட்டில் பாதி இறங்கியிருந்தபோது அந்த போன் வந்தது. வீட்டுத் தண்ணீர் பில்டர் கம்பெனியில் இருந்து ஒரு பெண்.

"மேடம், உங்க பில்டர்ல மெம்பரேன் போட்டு ரெண்டு வருஷம் ஆச்சு. தண்ணி நல்லாத்தான் வரும், வெளியே பார்த்தா ஒண்ணும் தெரியாது. ஆனா உள்ளே கிழிஞ்சிருக்கலாம். சனிக்கிழமை ஆளை அனுப்பட்டுமா?"

அனுப்புங்கள் என்றேன். போனை வைத்த பிறகும் நகரத் தோன்றவில்லை. பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். வண்டி வந்தது, போனது. வெளியே பார்த்தால் தெரியாது, உள்ளே கிழிந்திருக்கலாம், நாள் பார்த்து நாமே கூப்பிட வேண்டும். இந்த மூன்றையும் ஒரு பில்டருக்குச் செய்கிறார்கள். மார்புக்குள் சிலிக்கான் பை வைத்துக்கொண்டு நம்மிடம் ஸ்கேனுக்கு வந்து போகிற பெண்களுக்கு யாரும் செய்வதில்லை. நாம் செய்தால் என்ன? அடுத்த வண்டிக்குள் ஏறும்போதே போனில் பட்டியல் தயாரிக்க ஆரம்பித்துவிட்டேன்.

இந்த மாதம் எம்.ஆர்.ஐ. பிரிவில் சேர்ந்திருக்கும் உங்கள் நால்வருக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஓய்வு பெற்றவர்கள் எழுத வேண்டியதை முப்பத்தொரு வயதில், எட்டு வருட சர்வீஸில் எழுதுகிறாளே என்று சிரிக்கலாம். ஓய்வு பெறும்வரை காத்திருந்தால் எனக்கு மறந்துபோகும், உங்களுக்கும் உதவாது. மெஷினை ஓட்டுவது மூன்று மாதத்தில் கைக்கு வந்துவிடும், அதைப் பற்றி இதில் ஒரு வரிகூடக் கிடையாது. நான் சொதப்பியதைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு சின்ன விளக்கம். புற்றுநோய்க்காக மார்பகத்தை எடுத்த பிறகு, அந்த இடத்தில் சிலிக்கான் கூழ் நிரப்பிய பையை வைப்பார்கள். விருப்பப்பட்டு வைத்துக்கொள்பவர்களும் உண்டு. வைத்த பையைச் சுற்றி உடம்பு தானாகவே தழும்பு போல ஓர் உறையை வளர்த்துக்கொள்ளும். பை கிழிந்தாலும் பெரும்பாலும் கூழ் அந்த உறைக்குள்ளேயே நிற்கும். வலி இருக்காது, வடிவம் மாறாது. கையால் தொட்டுப் பார்க்கும் டாக்டருக்கும் தெரியாமல் போகலாம். அதனால்தான் தொந்தரவு எதுவும் இல்லாவிட்டாலும் ஐந்தாறு வருடத்தில் முதல் ஸ்கேன், பிறகு இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை என்று சொல்லி அனுப்புகிறார்கள். ஒன்றும் இல்லாதபோது ஸ்கேனுக்கு வருகிற பழக்கம் நம் ஊரில் எவ்வளவு பேருக்கு இருக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

இப்போது சுமதி. பெயர் மாற்றியிருக்கிறேன். சேலையூர் பக்கம் வீடு, ஒரு தபால் அலுவலகத்தில் கவுண்டர் வேலை. வயது ஐம்பதுக்குச் சற்றுக் குறைவு. பில்டர் போன் வருவதற்கு ஒரு வாரம் முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை வந்தார். கூடவே அவர் கணவரின் அக்கா. கணவர் வேலை விஷயமாக வெளியூரில் இருந்ததால் நாத்தனார் துணைக்கு வந்திருந்தார். நல்ல மனுஷி. பெரிய குரல். வந்த ஐந்தாவது நிமிடத்தில் என் ஊர், படிப்பு, கல்யாணம் ஆகிவிட்டதா என்பது வரைக்கும் கேட்டு முடித்துவிட்டார். காட்டாங்குளத்தூரில் படித்தேன் என்றதும், "எங்க பொண்ணும் அங்கதான், எந்த பேட்ச்?" என்று ஆரம்பித்தார்.

எம்.ஆர்.ஐ.க்கு முன் நிரப்பும் பாதுகாப்புப் படிவத்தை நம் சென்டரில் அதுவரை யார் நிரப்பினார்கள் தெரியுமா? கூட வந்தவர். நோயாளி பதற்றத்தில் இருப்பார், கண்ணாடி கொண்டுவந்திருக்க மாட்டார், கூட வந்தவர் பேனாவை வாங்கிக்கொள்வார். நமக்கும் வேலை சீக்கிரம் முடிகிறதே என்று விட்டுவிடுவோம். அன்றும் அப்படித்தான். ரிசப்ஷன் எதிரே, பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருக்கும் ஹாலில், நான் ஒவ்வொன்றாகக் கேட்டேன்.

"இதயத்துல பேஸ்மேக்கர்?"

"ஐயோ இல்லம்மா," என்றார் நாத்தனார்.

"காதுல மெஷின்?"

"அதெல்லாம் நல்லாக் கேக்கும். நான் திட்டுறது மட்டுந்தான் கேக்காது."

ஹாலில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

"ஆபரேஷன்ல உள்ள ஏதாவது வெச்சிருக்காங்களா? பிளேட், ஸ்குரூ, இம்ப்ளான்ட்?"

"ஒன்பது வருஷம் முன்னாடி ஒரு கட்டி எடுத்தாங்க, அவ்ளோதான். அவளப் பத்தி எல்லாம் எனக்குத் தெரியும். என்ன சுமதி?"

சுமதி தலையை ஆட்டினார். ஆமாம் என்றா, இல்லை என்றா? நான் இல்லை என்று எடுத்துக்கொண்டேன். கையெழுத்து வாங்கினேன். போன் நம்பர் கேட்டதற்கு, "என் நம்பரே போட்டுக்கோங்க, அவ வேலை நேரத்துல போனே எடுக்க மாட்டா," என்று நாத்தனார் சொல்ல, ரிசப்ஷனில் தட்டினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். காதில் விழுந்தது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நான் வைத்துக்கொள்ளவில்லை.

மார்பக எம்.ஆர்.ஐ.யில் நோயாளி குப்புறப் படுக்க வேண்டும். முகம் கீழே இருக்கும். நாம் பேசுவது ஸ்பீக்கரில்தான் அவருக்குக் கேட்கும். சுமதியைப் படுக்கவைத்து, அவசரமென்றால் அமுக்கிக் கூப்பிட ரப்பர் பல்பைக் கையில் கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தேன். முதலில் எடுக்கும் ஒரு நிமிடத் தோராயப் படம் திரையில் வந்தது. இடது பக்கம் முழுக்க ஒரு பை.

படிவத்தில் "இல்லை" என்று இருக்கிறது. உள்ளே பை இருக்கிறது. சாதாரண சிலிக்கான் பை என்றால் மெஷினுக்குப் பாதகம் இல்லை. ஆனால் தற்காலிகமாக வைக்கும் சில பைகளில் காந்தம் இருக்கும், அது ஆபத்து. காந்தம் இருந்தால் படத்தில் விழும் கருப்புக் குழி எதுவும் இல்லை. இருந்தாலும் ஊகத்தில் மெஷினை ஓட்டக் கூடாது, கேட்டே ஆக வேண்டும். விரல் மைக் பட்டன்மேல் போய்விட்டது. அப்போதுதான் பின்னால் குரல் கேட்டது.

"என்னம்மா, ஆரம்பிச்சாச்சா? நான் இங்கயே நிக்கறேன், அவளுக்குப் பயம்."

கன்ட்ரோல் ரூம் வாசலில் நாத்தனார். நான் மைக்கில் கேட்டிருந்தால் கேள்வியும் பதிலும் அவருக்கும் கேட்டிருக்கும். விரலை எடுத்தேன். எட்டு வருடத்தில் நான் சரியாகச் செய்தவற்றில் அது ஒன்று. மெஷினை நிறுத்தி, உள்ளே போய், கதவைச் சாத்தி, டேபிளை வெளியே இழுத்து, தரையில் மண்டியிட்டு அவர் முகத்துக்கு நேரே குனிந்தேன்.

"மேடம், இடது பக்கம் பை வெச்சிருக்காங்களா?"

அவர் தலையைத் தூக்கிக் கதவுப் பக்கம் பார்க்க முயன்றார்.

"அண்ணி எங்க?"

"வெளிய. கதவு மூடியிருக்கு. இங்க பேசறது யாருக்கும் கேக்காது."

"முழுசா எடுத்துட்டுத்தான் அதை வெச்சாங்க. என் வீட்டுக்காரருக்கு மட்டுந்தான் தெரியும். மத்தவங்களுக்குக் கட்டின்னு சொல்லி வெச்சோம். டாக்டர் கொடுத்த லெட்டர் பேக்ல இருக்கு, கவர்ல. அதை கவுண்டர்ல கொடுத்தா அண்ணி வாங்கிப் படிப்பாங்கன்னு கொடுக்கல, மார்பு ஸ்கேன்னு வாயால மட்டும் சொன்னேன். செக் பண்ணிக்கணும்னு அப்பவே சொன்னாங்க. ஸ்கேன்னா வீட்ல எதுக்குன்னு கேப்பாங்க, என்ன சொல்றது? அப்படியே விட்டுட்டேன். இப்ப டாக்டர்தான் விடாப்பிடியா அனுப்பினார்."

"சரி மேடம். நான் பார்த்துக்கறேன்."

"அண்ணிக்குத் தெரியக் கூடாது."

"என் மூலமா ஒரு வார்த்தைகூடப் போகாது."

இப்படித்தான் வாக்குக் கொடுத்தேன்.

லாக்கரைக் கவனித்துக்கொள்ளும் மல்லிகாக்காவை அனுப்பி அந்தக் கவரைக் கொண்டுவரச் செய்தேன். "அந்தம்மா வரும்போதே கண்ணு கலங்கிக்கினுதான் வந்துச்சு. நீ கேக்கவே இல்ல," என்று ஒரு குத்து குத்திவிட்டுக் கவரைக் கொடுத்தார். உள்ளே டாக்டரின் கடிதமும் பையின் வகை, தொடர் எண் எழுதிய அட்டையும் இருந்தன. காந்தம் இல்லாத, நிரந்தரமாக வைக்கும் சிலிக்கான் பை. ஸ்கேன் எடுக்கும் முறையை மாற்றினேன். கிழிசல் பார்க்க, தண்ணீரையும் கொழுப்பையும் அடக்கிவிட்டுச் சிலிக்கானை மட்டும் வெள்ளையாகக் காட்டும் படங்கள் வேண்டும். வழக்கமான மார்பக ஸ்கேனை ஓட்டியிருந்தால் முக்கால் மணி நேரம் வீண்.

படம் வந்தது. வெள்ளைக் கூழுக்குள் மெல்லிய கருப்புக் கோடுகள், வளைந்து வளைந்து, ஒன்றின்மேல் ஒன்று விழுந்து. கிழிந்த பை சுருங்கிக் கூழுக்குள் மிதந்தால் இப்படித்தான் தெரியும். புத்தகங்களில் இதற்கு ஏதோ இத்தாலிய நூடுல்ஸ் பெயர் வைத்திருக்கிறார்கள். நமக்குச் சேமியா பாயசம் ஞாபகம் வரும். பையில் வெறும் மடிப்பு விழுந்தாலும் கோடு தெரியும். ஆனால் மடிப்பு ஓரத்தில் தொடங்கி ஓரத்தோடு ஒட்டியே நிற்கும். இவை ஒட்டவில்லை.

அந்த நிமிடம் எனக்கு வந்தது சந்தோஷம். மறைக்க விரும்பவில்லை. கல்லூரியில் பரீட்சைக்குப் படித்த ஒன்றை முதல்முறையாக நேரில் பார்க்கிறேன். கோணம் மாற்றி, இன்னும் துல்லியமாக, அழகாக எடுத்தேன். இறங்கி வந்ததும் சுமதி என் முகத்தைப் பார்த்தார்.

"கிழிஞ்சிருக்கா?"

நாம் சொல்லக் கூடாது, படத்தைப் படித்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர், ரேடியாலஜிஸ்ட்தான் சொல்ல வேண்டும். அதைச் சொன்னேன். என் முகம் ஏற்கெனவே சொல்லிவிட்டிருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

அவர்கள் கிளம்பிப் போனார்கள். மதியம் முழுக்க நான் அந்தப் படத்தின் பின்னாலேயே அலைந்தேன். ரேடியாலஜிஸ்ட் மேடத்திடம் காட்டினேன். பை கிழிந்திருக்கிறது, கூழ் உறையைத் தாண்டவில்லை, அவசரம் இல்லை, ஆனால் எடுக்க வேண்டும் என்றார். பெயரை நீக்கி வகுப்புக்கு ஒரு பிரதி எடுத்து வைத்தேன். உங்களுக்குப் போன வாரம் காட்டியது அதுதான். மேடம் ரிப்போர்ட்டில் கையெழுத்திட்டார். நான் சாயங்காலம் வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் பத்து மணிக்கு ரிசப்ஷனில் இருந்து போனை என்னிடம் கொடுத்தார்கள்.

"நேத்து என்னை ஸ்கேன் எடுத்த பொண்ணு நீதானே?"

"ஆமா மேடம், சொல்லுங்க."

"ரிப்போர்ட் அண்ணி போனுக்குப் போயிருக்கு."

நம் சென்டரில் ரிப்போர்ட் தயாரானதும் பில்லில் இருக்கும் எண்ணுக்கு வாட்ஸ்அப்பில் தானாகப் போகும். அது உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். முந்தின நாள் மட்டும் தெரியவில்லை.

"அவங்க படிச்சதோட நின்னிருந்தா பரவாயில்ல. புரியலன்னு குடும்ப குரூப்ல போட்டுட்டாங்க. 'நம்ம பசங்கள்ல டாக்டருக்குப் படிச்சவங்க யாராவது பார்த்துச் சொல்லுங்கப்பா, சுமதிக்கு என்னமோ'ன்னு. நல்லதுக்குத்தான் போட்டாங்க. நாப்பது பேருக்கு மேல இருக்காங்க அதுல. என் கொழுந்தன் பையன் ப்ளஸ் டூ படிக்கறான், அவன் இருக்கான். ஒருத்தி அழற பொம்மை போட்டிருக்கா. இன்னொருத்தர் சிலிக்கான்னா என்னன்னு நெட்ல பார்த்து விளக்கம் எழுதியிருக்கார்."

"மேடம், நான்..."

"இரு. நான் இருபத்திரண்டு வருஷமா தபால் கவுண்டர்ல உக்கார்ந்திருக்கேன். ஒரு ரெஜிஸ்டர் தபால் கொடுக்கறதுக்கு முன்னாடி யாருன்னு கேப்போம், கையெழுத்து வாங்குவோம். புருஷனே வந்து நின்னாலும் கேப்போம். நீங்க ஒரு பொம்பளை நெஞ்சுக்குள்ள இருக்கறத, யார் போன்னுகூடப் பார்க்காம அனுப்பிடறீங்க. உன் மூலமா ஒரு வார்த்தை போகாதுன்னு சொன்னியே?"

ரிசப்ஷன்தான் அந்த எண்ணைப் போட்டது என்று சொல்லலாம், சாப்ட்வேர்தான் அனுப்பியது என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் அந்த எண் யாருடையது என்பதும், அந்தப் பெண் என்ன கேட்டார் என்பதும் நம் சென்டரில் ஒரே ஒரு ஆளுக்குத்தான் சேர்ந்து தெரியும். அது நான். "தப்பு என்னுது மேடம்," என்றேன். அவர் போனை வைத்துவிட்டார்.

மருத்துவரீதியாகப் பார்த்தால் அன்று எல்லாம் சரி. படம் சரி, முறை சரி, ரிப்போர்ட் சரி. மெஷின் அறைக்குள் நான் காட்டிய நிதானம் மெஷின் அறையோடு நின்றுவிட்டது. நீங்கள் நால்வரும் என்னைப் போலவே கெட்டிக்காரர்கள், படத்தைப் பார்த்தால் துள்ளுபவர்கள். அதனால்தான் சொல்கிறேன். நல்ல படம் கிடைத்த நாளில் கூடுதலாகப் பயப்படுங்கள்.

அதற்கு ஒரு வாரம் கழித்துத்தான் பில்டர் போன். இனி என் பட்டியலின் கதை. கணினியில் தேடி, பை வைத்த பெண்கள் என்று தெரிந்த பதினொரு பேரை எடுத்தேன். வருடத்தைக் கணக்கிட்டேன். முதல் சோதனைக்கு நாள் தாண்டியவர்களை மேலே போட்டேன். முதல் பெயர் லலிதா என்று வைத்துக்கொள்ளுங்கள். பை வைத்து ஏழு வருடம். ஒரு முறைகூட அதைப் பார்த்ததில்லை. உற்சாகமாக போனை எடுத்தேன்.

"அலோ, யாரு?" ஆண் குரல்.

"சார், ஸ்கேன் சென்டர்ல இருந்து பேசறேன். லலிதா மேடம் இருக்காங்களா?"

"குளிச்சிக்கினு கீது. இன்னா விஷயம்? எங்கையில சொல்லு."

அப்போதுதான் உறைத்தது. மறுபடியும் அதையே செய்துகொண்டிருக்கிறேன்.

"ஒண்ணும் இல்ல சார், ராங் நம்பர்."

"பேர் சொல்லிக் கூப்புட்டு ராங் நம்பர்ங்கற? எங்கூட்டு அம்மாவுக்கு இன்னா ஆச்சு?"

வைத்துவிட்டேன். அவர் திரும்ப இரண்டு முறை கூப்பிட்டார். ஒருவேளை அவருக்கு எல்லாம் தெரிந்திருக்கலாம். மனைவியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடியவரே அவராக இருக்கலாம். ஆனால் அதை முடிவு செய்ய வேண்டியவர் லலிதா. பதினொரு எண்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எது யாருடைய போன் என்று ஒன்றுக்குக்கூட என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பட்டியலை மூடிவிட்டேன்.

இரண்டு நாள் கழித்துச் சுமதி வந்தார். அறுவை சிகிச்சை டாக்டருக்குப் படங்களின் சிடி வேண்டுமாம். தனியாக வந்திருந்தார். உடை மாற்றும் அறைக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். அங்கே மட்டும்தான் யாரும் வர மாட்டார்கள்.

"வீட்ல எப்படி மேடம் இருக்கு?"

"எப்படி இருக்கும்? அண்ணி ரெண்டு நாள் பேசல. மூணாம் நாள் வந்து, 'இதை என்கிட்ட மறைக்கற அளவுக்கு நான் என்னடி பண்ணேன்'னு ஒரே அழுகை. நான்தான் அவங்களுக்கு சமாதானம் சொன்னேன். என் உடம்பு, என் ஆபரேஷன், நான் அவங்களுக்கு சமாதானம் சொல்றேன்." சிரித்தார். அது மன்னித்த சிரிப்பு இல்லை. "இப்ப வர்றவங்க எல்லாரும் முதல்ல கண்ணை எங்க வெச்சுப் பேசறாங்கன்னு எனக்குத் தெரியுது. அதுக்குத்தான் ஒன்பது வருஷம் சொல்லாம இருந்தேன்."

சிடியை அவரிடம் கொடுத்தேன். வாங்கிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

"பழசை எடுத்துட்டு புதுசு வைக்கப் போறாங்க. வியாழக்கிழமை."

பட்டியலைப் பற்றிச் சொன்னேன். லலிதா வீட்டு போனைப் பற்றியும் சொன்னேன். பேர் சொல்லவில்லை, அந்த அளவுக்குக் கற்றுக்கொண்டிருந்தேன். "ராங் நம்பர்" என்றதும் அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"நல்லா மாட்டின. ஏம்மா, அவங்களுக்கு எப்படிச் சொன்னா வசதின்னு அவங்களையே கேக்க மாட்டியா? ஒருத்தி ஆபீஸ் நம்பர் கொடுப்பா. ஒருத்தி மக நம்பர் கொடுப்பா. ஒருத்தி போனே வேணாம்பா. நீயா ஒண்ண வெச்சுக்கிட்டு ஓடற."

"உங்களுக்கு எப்படி வேணும் மேடம்?"

கொஞ்சம் யோசித்தார். "என் நம்பர் எழுதிக்கோ. நாலு மணிக்கு மேல கூப்பிடு, கவுண்டர் மூடியிருக்கும். வேற யாராவது எடுத்தா வெச்சுடு. எல்லாருக்கும் தெரிஞ்சுபோச்சுங்கறதுக்காக எல்லார்கிட்டயும் சொல்லணும்னு இல்ல."

அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டேன். புதிய நோட்டில் முதல் பதிவு அது. புதுப் பையின் முதல் ஸ்கேனுக்காக, ஐந்து வருடம் கழித்து வரும் ஒரு மாதத்தைப் பக்கத்தில் குறித்தேன்.

அன்றிலிருந்து இரண்டு மாற்றங்கள், உங்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். படிவத்தை ஹாலில் யார் வேண்டுமானாலும் நிரப்பட்டும். ஆனால் உடை மாற்றும் அறையில், கதவைச் சாத்திய பிறகு, மொத்தக் கேள்விகளையும் நோயாளியிடம் நாம் மறுபடி கேட்கிறோம். அங்கேயே ரிப்போர்ட் யார் எண்ணுக்குப் போக வேண்டும் என்றும் கேட்கிறோம். ஐந்து நிமிடம் கூடுகிறது. வரிசை நீளுகிறது, ஹாலில் முணுமுணுக்கிறார்கள். முணுமுணுக்கட்டும்.

பழைய பதினொரு பேர் மீதி இருக்கிறார்கள். போன் செய்ய முடியாது, கடிதமும் போட முடியாது. வருகிறவர்களை வரும்போது பிடிக்க வேண்டியதுதான். லலிதா மற்றொரு பக்கத்து மார்புக்காக வருடாவருடம் மேமோகிராம் என்ற மார்பக எக்ஸ்ரே எடுக்க வருகிறவர். அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி முறை. அது என் பிரிவு இல்லை. இருந்தாலும் அன்று காலை அங்கே எனக்கு வேலை போடச் சொல்லிக் கேட்டு வாங்கியிருக்கிறேன். கணவர் கூட வருவார், வாசல்வரை வருவார், அந்த ராங் நம்பர் யாரென்று என்னையே கேட்டாலும் கேட்பார். கதவு சாத்தியதும், லலிதாவிடம் ஏழு வருடம் ஆகிவிட்டது, இன்னொரு ஸ்கேன் பாக்கி இருக்கிறது என்று சொல்லப் போகிறேன். எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்பேன். ஒரு எண் சொன்னால் எழுதிக்கொள்வேன். வேண்டாம் என்றால், அதையும் எழுதிக்கொண்டு, அடுத்த வருடமும் அந்த அறையில் வந்து நிற்பேன்.